எந்தத் தொடரைப் பார்ப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாலை ஆறரை மணிக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால், இரவு பத்து மணி வரை நானும் என் மாமியாரும் ஏழு தொடர்கள் பார்க்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகன் நேரத்தை வீணடிப்பதாகக் கோபித்துக்கொள்கிறான். ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ள விரும்புகிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியாரும் மருமகளும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரே கதையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நேரத்தை முழுக்க வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு கதைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எந்தக் கதையும் மனத்தில் தங்குவதில்லை என்பதைத் தாங்களே உணர்ந்திருப்பீர்கள். தொடர்களைத் தேர்ந்தெடுக்க நான் பல ஆண்டுகளாகக் கைக்கொண்டுவரும் அளவுகோல் ஒன்று உண்டு. கதையில் வருகிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், அவர்கள் வீட்டு அரிசிக்கும் வாடகைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தொடர் காட்டுகிறதா என்று பார்ப்பேன். பட்டுப்புடவையிலேயே உறங்கி எழுந்து, நாள் முழுவதும் மாடிப்படியில் நின்று சதித்திட்டம் பேசுகிறவர்களை வைத்துக் கதை சொன்னால், சில மாதங்களிலேயே விஷமும் ஆள் கடத்தலும் தவிர வேறு எதுவும் மிஞ்சாது. தொழில் உள்ள மனிதர்களுக்கோ தினமும் ஏதேனும் ஒரு சிக்கல் தானாகவே வந்து சேரும்.

அந்த வகையில் தாங்கள் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டியது, விஜய் தொலைக்காட்சியில் 2023 ஜனவரியில் தொடங்கிய 'சிறகடிக்க ஆசை'. முத்து வாடகைக் கார் ஓட்டுகிறான். அவன் மனைவி மீனா பூக்கட்டி விற்கிறாள். மாமனார் அண்ணாமலை ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வந்த 27 லட்சம் ரூபாயை மூத்த மகன் மனோஜ் எடுத்துக்கொண்டு போனதுதான் அந்த வீட்டின் ஆறாத புண். ஒரு மருமகள் அழகு நிலையம் நடத்துகிறாள், இன்னொருத்தி திரைப்படங்களுக்குக் குரல் கொடுக்கிறாள், இளைய மகன் சமையல் கலைஞன். யார் சம்பாத்தியம் எவ்வளவு, யாருடைய தொழிலுக்கு அந்த வீட்டில் மதிப்பு, யாருடையதற்கு இல்லை என்பதிலிருந்தே பெரும்பாலான சண்டைகள் பிறக்கின்றன. மீனா பேசிக்கொண்டிருக்கும்போதும் அவள் விரல்கள் நாரில் பூவைத் தொடுத்துக்கொண்டிருக்கும். மாமியார் சுடுசொல் ஒன்றை வீசும் கணத்தில் அந்த விரல்கள் நின்று, மறுபடியும் தொடுக்கத் தொடங்குவதைப் பாருங்கள். பின்னணி இசை எதுவும் இல்லாமலே அந்தக் காயம் நமக்குப் புரிந்துவிடும். இந்தத் தொடரிலும் குறை உண்டு. அழகு நிலையம் நடத்தும் மருமகள் ரோகிணி மறைத்துவைத்த கடந்த காலத்தை வெளிக்கொண்டுவராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தது, முத்துவைப் போன்ற கூர்மையான மனிதனைக் கண்ணிருந்தும் காணாதவனாக்கிவிட்டது. ஆனாலும் நான் விடவில்லை, தாங்களும் விட வேண்டாம்.

இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால், தையல் ஆலையில் வேலை பார்க்கக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வரும் ஆனந்தியின் கதையான 'சிங்கப்பெண்ணே'யைச் சொல்வேன். விடுதி அறையும் தையல் இயந்திரங்களின் வரிசையும் வரும் காட்சிகளில் அதற்கு இருக்கும் உயிர், காதல் முக்கோணத்துக்குள் கதை நுழைந்ததும் குறைந்துவிடுகிறது. மற்ற ஐந்தையும் ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். மாதம் முடிந்தபின் எந்தப் பாத்திரத்தின் நினைவாவது வந்தால், அந்த ஒன்றுக்குத் திரும்பிப் போங்கள்.

கேள்வி: ஒரு பாத்திரம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதற்கு ஒரு வாரம் ஆகிறது. கதை இருந்தும் ஏன் இப்படி ஜவ்வாக இழுக்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: சோம்பல் காரணம் அல்ல, கணக்குதான் காரணம். அரை மணி நேரத் தொடரில் விளம்பரம் போகக் கதைக்கு மிஞ்சுவது 20 நிமிடத்தை ஒட்டிய நேரமே. முந்தைய நாளின் கடைசிக் காட்சியும் தலைப்புப் பாடலும் அதிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் ஆண்டுக்கு 300 அத்தியாயங்களுக்கு மேல் எழுதியாக வேண்டும். திருச்செல்வம் இயக்கத்தில் 2003 முதல் 2009 வரை வந்த 'கோலங்கள்' 1,533 அத்தியாயங்கள் ஓடியது. அத்தியாயத்துக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் 500 மணி நேரத்துக்கும் மேல் வருகிறது. எத்தனை பெரிய கதாசிரியரானாலும் ஒரு குடும்பத்தின் கதையை இவ்வளவு நேரத்துக்கு நீட்டினால் எங்காவது நீர் கலக்கத்தான் வேண்டியிருக்கும்.

இதன்மேல் வாரந்தோறும் வரும் பார்வையாளர் அளவீடு வேறு இருக்கிறது. தேர்ந்தெடுத்த வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகளைக் கொண்டு பார்க் என்னும் அமைப்பு வியாழக்கிழமைகளில் வெளியிடும் எண்களைத் தொலைக்காட்சி நிலையமும் தயாரிப்பாளரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்க்கிறார்கள். எந்தக் காட்சி வந்த வாரம் எண் ஏறியதோ, அந்தக் காட்சியின் சாயலே அடுத்தடுத்த வாரங்களிலும் திரும்ப வரும். எண் இறங்கினால் கதை ஒரே இரவில் தடம் மாறும், சாதுவாக இருந்தவர் வில்லனாவார், இரண்டு தொடர்களை ஒன்றாக்கி 'மகா சங்கமம்' நடத்துவார்கள். முடிவு எங்கே என்று தெரியாமல் எழுதப்படும் கதைக்கு நடுப்பகுதி என்ற ஒன்றே இருக்க முடியாது என்பது என் கருத்து. இயக்குநர் பாலு மகேந்திரா 'கதை நேரம்' என்ற பெயரில் தமிழ் எழுத்தாளர்களின் 52 சிறுகதைகளை, ஒவ்வொன்றும் ஒரே அமர்வில் முடியும்படி சன் தொலைக்காட்சிக்காக எடுத்துக் கொடுத்தார். அந்த மரபை எந்த நிலையமும் தொடராமல் போனது நம் தொலைக்காட்சிக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு என்று நான் இன்றும் வருந்துகிறேன்.

தங்களுக்கு ஒரு யோசனை: சனிக்கிழமை அத்தியாயத்தையும் திங்கட்கிழமை அத்தியாயத்தையும் மட்டும் பாருங்கள். பெரும்பாலான தொடர்கள் வார இறுதியில் முடிச்சைப் போட்டுத் திங்களன்று அவிழ்க்கின்றன. இடையில் நான்கு நாட்களை விட்டாலும் எதுவும் தப்பிப் போவதில்லை.

கேள்வி: 'எதிர்நீச்சல்' தொடரை மாரிமுத்து அவர்களுக்காகவே பார்த்தேன். அவர் மறைவுக்குப் பிறகு மனம் ஒட்டவில்லை. இரண்டாம் பாகத்தைப் பார்க்கலாமா?
– வாசகர், தேனி

பதில்: தங்கள் மாவட்டத்துக்காரரான மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த வேளையில் நெஞ்சுவலி வந்து மறைந்தார் என்ற செய்தி அன்று காலை எத்தனையோ வீடுகளைக் கலங்கடித்தது. அவர் ஏற்ற ஆதி குணசேகரன், வெறுக்கத்தக்க மனிதன். ஆயினும் நம் உறவில், நம் தெருவில் நாம் பார்த்த யாரோ ஒருவருடைய நடையும் பேச்சும் அவரிடம் இருந்ததால்தான், அந்த வெறுப்பில் நமக்கு அச்சமும் கலந்திருந்தது. அவருக்குப் பின் வந்த வேல ராமமூர்த்தி சிறந்த நடிகர். ஆனால் அவருடைய முரட்டுத்தனம் வேறு வகையானது, வீட்டுக்குள் சிரித்துக்கொண்டே அடக்கும் தந்திரம் அவர் உருவத்துக்குப் பொருந்தவில்லை.

இருப்பினும் அந்தத் தொடரின் உண்மையான பலம் குணசேகரன் அல்ல என்றே நான் கருதுகிறேன். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நான்கு மருமகள்களும் சமையலறையில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்வார்கள். கூடத்தில் ஆண்களின் குரல் கேட்டதும் பேச்சு பாதியில் அறுந்து, ஒருத்தி அடுப்பைப் பார்ப்பாள், ஒருத்தி காய் நறுக்குவாள். அந்த ஐந்து விநாடி மௌனத்தை நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படித்த பெண்களை மருமகள்களாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்தும் குடும்பம் என்பதுதான் கதையின் கரு. 2022 முதல் 2024 வரை 744 அத்தியாயங்கள் வந்த முதல் பாகத்தின் முதல் ஆண்டை, அந்த நால்வருக்காக மறுபடியும் பாருங்கள். 2024 டிசம்பரில் தொடங்கிய 'எதிர்நீச்சல் தொடர்கிறது' அதே வீட்டின் கதைதான் என்றாலும், வெளியேற வேண்டிய பெண்கள் வெளியேறிவிட்டுத் திரும்பத் திரும்ப அதே வாசலில் வந்து நிற்பது எனக்கு ஆயாசத்தைத் தருகிறது.

கேள்வி: வேலை முடிந்து வீடு திரும்பவே இரவு ஒன்பதாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும். ஓடிடி தளங்களில் உள்ள தமிழ்த் தொடர்களில் எதிலிருந்து தொடங்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தயக்கமில்லாமல் 'அயலி'யிலிருந்து தொடங்குங்கள். முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரியில் ஜீ5 தளத்தில் வந்த இத்தொடருக்கு எட்டே அத்தியாயங்கள். புதுக்கோட்டைப் பக்கத்து வீரப்பண்ணை என்னும் கிராமத்தில், 1990ஆம் ஆண்டில் நடக்கும் கதை. வயதுக்கு வந்த பெண்ணுக்கு உடனே மணம் முடித்துவிட வேண்டும், தவறினால் அயலி என்னும் தெய்வம் சீறும் என்பது ஊர்க் கட்டு. மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் பருவமடைந்ததை ஊருக்கே தெரியாமல் மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். அபி நட்சத்திரா அந்தப் பெண்ணாகவே வாழ்ந்திருக்கிறார். ஆனால் என்னை உருக்கியது தாய் குருவம்மாளாக வரும் அனுமோள். மகளின் ரகசியத்தைக் காப்பாற்றத் துணிந்த தாய்க்கு, சாமிக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற அச்சமும் உண்மையானதுதான் என்பதை அவர் முகம் ஒரு வசனமும் இல்லாமல் சொல்கிறது. வீட்டில் பதின்வயது மகளோ மகனோ இருந்தால் அவர்களையும் உடன் உட்காரவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, 2022இல் பிரைம் வீடியோவில் வந்த 'சுழல்' முதல் பாகம். புஷ்கரும் காயத்ரியும் உருவாக்கியது. மயானக் கொள்ளைத் திருவிழா நாட்களில் ஒரு சிமெண்ட் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். திருவிழாவின் ஒவ்வொரு நாளும் கதையை ஒரு படி முன்னே நகர்த்துவது அழகு. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமை கதையின் மையத்தில் இருப்பதால், இதைப் பெரியவர்கள் மட்டும் பாருங்கள். அதே ஆண்டில் வந்த 'விலங்கு' ஏழு அத்தியாயங்களே கொண்டது. காவல் நிலையத்தின் புழுக்கத்தையும் பேச்சையும் அவ்வளவு நெருக்கமாகக் காட்டிய தொடர் தமிழில் குறைவு, வசைச்சொற்களுக்கு மட்டும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மனம் இலேசாக வேண்டுமென்றால் 'தலைவெட்டியான் பாளையம்' இருக்கிறது. 'பஞ்சாயத்' இந்தித் தொடரின் மறுவாக்கமான இதை இயக்கியவர், 'மர்மதேசம்' தொடரைத் தந்த நாகா.

கேள்வி: எட்டு வயதுப் பேத்தி எங்களோடு அமர்ந்து தொடர் பார்க்கிறாள். தவறா?
– வாசகி, சேலம்

பதில்: கொலை மிரட்டலும் தற்கொலை முயற்சியும் காட்டாத இரவுத் தொடர் அரிதாகிவிட்டது, ஆகவே வேண்டாம். 2021இல் வந்த விதிகளின்படி ஓடிடி நிகழ்ச்சிகளுக்கு 7, 13, 16 என்று வயதுப் பகுப்பு இருக்கிறது, தொலைக்காட்சித் தொடர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் தாங்கள் ஒருவராவது எழுந்து பேத்தியோடு வேறு அறைக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

கேள்வி: 'பாக்கியலட்சுமி' நம் கதை இல்லை, வங்காளத்திலிருந்து எடுத்தது என்கிறார்களே?
– வாசகி, வேலூர்

பதில்: உண்மைதான். 'ஸ்ரீமோயி' என்ற வங்காளத் தொடரே அதன் மூலம். இந்தியில் 'அனுபமா' என்றும் அதே கதைதான் வந்தது. மூலம் எதுவாயினும், வீட்டுச் சமையலையே தொழிலாக்கி நிமிர்ந்த பாக்கியாவை நம் பெண்கள் தங்களில் ஒருத்தியாக ஏற்றுக்கொண்டார்கள். 2020இல் தொடங்கி 2025 ஆகஸ்டில் அது முடிந்தபோது எனக்குச் சிறிது ஆறுதலும் ஏற்பட்டது, ஏனெனில் கடைசிக் காலத்தில் பாக்கியாவின் அடுப்பு அணைந்து பிள்ளைகளின் காதல் விவகாரங்களே மிஞ்சியிருந்தன.

கேள்வி: என் தாயாருக்கு 76 வயது. கண் பார்வை மங்கிவிட்டது. தொலைக்காட்சியைப் பார்ப்பதைவிடக் கேட்கத்தான் செய்கிறார். இப்போதைய தொடர்கள் ஒன்றும் புரியவில்லை என்கிறார். அவருக்கு எது ஏற்றது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தங்கள் தாயார் சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. இன்றைய தொடர்களில் ஒரு அதிர்ச்சிச் செய்தி வந்ததும் ஆறேழு முகங்களை மிக நெருக்கத்தில் காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேள இடி கொடுக்கிறார்கள். அந்த முகங்களைக் காண முடியாதவருக்குக் கிடைப்பது இடிச் சத்தம் மட்டுமே. அவருக்கு 2002 முதல் 2005 வரை வந்த, திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி'யைப் போட்டுக்கொடுங்கள், இணையத்தில் கிடைக்கிறது. தாயில்லாத ஐந்து மகள்களைக் கரையேற்றப் பாடுபடும் சிதம்பரம் என்னும் தந்தையின் கதை அது. டெல்லி குமார் அந்தத் தந்தையாகப் பேசும் நிதானமான பேச்சைக் கேட்டாலே காட்சி கண்முன் விரியும். சண்டையும் சமாதானமும் எல்லாமே சொற்களாலேயே நடக்கும். ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயங்கள் போதும், பகல் உணவுக்குப் பிந்தைய வேளை நல்லது. முதல் சில நாட்கள் மட்டும் தாங்கள் அருகில் அமர்ந்து, பேசுவது யார் என்று சொல்லிக்கொண்டிருங்கள்: தனம், சரோ, லீலா, விஜி, பவானி. அதன்பின் குரலை வைத்தே அவர் அடையாளம் கண்டுகொள்வார்.