‘காம்ப்ரிஹெண்ட்’ எப்போது ‘புரிந்துகொள்’, எப்போது ‘உள்ளடக்கு’?

வணக்கம். பழைய ஆங்கில நிலப்பத்திரத்தில், ஒரு ஜமீன் மூன்று ஊர்களை ‘காம்ப்ரிஹெண்ட்’ செய்கிறது என்று வருவதை ‘மூன்று ஊர்களைப் புரிந்துகொள்கிறது’ என்று பெயர்த்ததாகவும், அது பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் ஐயம் சரியானதே. அங்கே ‘மூன்று ஊர்களை உள்ளடக்கியது’ என்பதுதான் பொருள்.

‘காம்ப்ரிஹெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் வேர், சேர்த்துப் பற்றிக்கொள்வதைக் குறிக்கும் இலத்தீன் வினை. கையால் பற்றுவது அறிவால் பற்றுவதாக விரிந்தபோது ‘புரிதல்’ பிறந்தது. பலவற்றை ஒன்றாகப் பற்றுவதிலிருந்து ‘உள்ளடக்குதல்’ வந்தது. இரண்டாவது பொருள் இன்று பேச்சில் அருகிவிட்டாலும், பழைய சட்ட ஆவணங்களில் தாராளமாகக் காணப்படும்.

தமிழின் ‘கொள்’ என்னும் வினையும் ஏறத்தாழ இதே வழியில் சென்றிருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. ‘இந்தக் குடம் பத்துப் படி கொள்ளும்’ என்பதில் அது கொள்ளளவு. ‘இவ்வாறு பொருள் கொள்க’ என்பதில் அறிதல். செய்யுளுக்குப் பொருள் காணும் முறைகளை நன்னூல் ‘பொருள்கோள்’ என்றே பெயரிட்டு எட்டாக வகுக்கிறது. ஆகவே ‘மூன்று ஊர்களைக் கொண்டது’ என்றும் நீங்கள் தயங்காமல் எழுதலாம்.

பெயரடைகளில் மட்டும் கவனம் தேவை: ‘காம்ப்ரிஹென்சிவ்’ பெரும்பாலும் அனைத்தையும் உள்ளடக்கியதையும், ‘காம்ப்ரிஹென்சிபிள்’ புரியக்கூடியதையும் குறிக்கும். பத்திரத்தில் இவ்வினை வரும் ஒவ்வோர் இடத்திலும் எழுவாயைப் பாருங்கள். அது மனிதராக இருந்தால் பெரும்பாலும் புரிதல், நிலமோ சட்டமோ தொகையோ ஆனால் உள்ளடக்கம்.