பின் சக்கரத்தில் ‘ஊங்’ சத்தம்: பேரிங்கில் கை வைக்கும் முன்

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “ஏழு வருடம் ஓடிய சின்ன கார். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் ‘ஊங்’ என்று சத்தம். வேகம் ஏற ஏற சத்தமும் ஏறுகிறது. இரண்டு பக்க பேரிங், பிரேக் டிரம், பின் டயர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?”

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வேகத்தோடு ஏறும் இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றுதான். டயர், இல்லையென்றால் சக்கரம் உராயாமல் சுழல அதன் நடுவில் இருக்கும் வீல் பேரிங்.

டயரை முதலில் பாருங்கள், செலவே இல்லை. உள்ளங்கையை டயர் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்று போய், மறுதிசையில் கட்டை கட்டையாகத் தடுத்தால் டயர் ஏறுமாறாகத் தேய்ந்திருக்கிறது. தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்குப் போகும்போது சத்தத்தின் தன்மை மாறினாலும் டயர்தான். இன்னும் சந்தேகமா? முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போடச் சொல்லுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் விஷயம் முடிந்தது.

டயர் இல்லையென்றால் பேரிங். ஆள் நடமாட்டம் இல்லாத நீண்ட வளைவில் ஓட்டிக் கேளுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது. அப்புறம் ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைத் தூக்குங்கள். நம் ஊர் களிமண்ணில் ஜாக்கி இறங்கிவிடும், அடியில் பலகை கட்டாயம். முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முதல் கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. சக்கரத்தைக் கையால் சுற்றினால் கரகரவென்று கேட்கிறதா? மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடுகிறதா? அவ்வளவுதான் சோதனை.

இனி முக்கியமான விஷயம். பிரேக் ஷூவை ஜோடியாக மாற்றுவது சரி. பேரிங்கை ஜோடியாக மாற்ற வேண்டும் என்பது சட்டமில்லை, கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். “தெரிந்த கடை, நானே வாங்கி வருகிறேன்” என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பில்லில் அவருடைய கமிஷனும் இருக்கும், பல நேரம் பெட்டிக்குள் இருப்பது டியூப்ளிகேட்டாகவும் இருக்கும். நீங்களே கடைக்குப் போங்கள். பெட்டியில் எம்ஆர்பி இருக்கிறதா, பெட்டியில் உள்ள எண்ணும் பேரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். கழற்றிய பழைய பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பாருங்கள். உள்ளே நறநறக்கவில்லை என்றால் நல்லதைக் கழற்றியிருக்கலாம். சுத்தியலால் அடித்துப் பொருத்த விடவே விடாதீர்கள். பேரிங்கை அழுத்திப் பொருத்தும் பிரஸ் இயந்திரம் இல்லாத இடத்தில் போட்ட புது பேரிங் சீக்கிரமே மறுபடி ஊங்கும்.

பெரிய ஒர்க்‌ஷாப்பும் லேசில்லை. தெருவுக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஜாப் கார்டில் ‘சத்தம் இல்லை’ என்று எழுதித் தருகிறார்கள். ஐம்பதைத் தாண்டினால் வரும் சத்தம் இருபதில் எப்படி வரும்? ஓட்டிப் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள், பைபாஸுக்குப் போகச் சொல்லுங்கள்.

இரண்டு பக்கமும் மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் கார் சக்கரத்தின் நடுப்பாகம் வரை தண்ணீரில் நின்றதா? ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கி, ஓரத்தை அடைத்திருக்கும் ‘சீல்’ வளையத்தைத் தாண்டித் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் கெட்டு, உள்ளே துரு புள்ளி புள்ளியாகப் பிடிக்கும். சத்தம் உடனே வராது, வாரங்கள் கழித்துத்தான் வரும். அதனால்தான் பலரும் மழையையும் சத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் எந்த வளைவில் திரும்பினாலும் சத்தம் ஒரே மாதிரி இருக்கும், மேலே சொன்ன வளைவுச் சோதனை ஏமாற்றும். ஜாக்கி போட்டு இரண்டு சக்கரத்தையும் தனித்தனியாகச் சுற்றிப் பார்த்தே ஆக வேண்டும். தண்ணீரில் நின்றதை மெக்கானிக்கிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மாசி, பங்குனியில் ரோட்டில் பரப்பிய உளுந்துச் செடி மேல் ஓட்டியிருந்தால், சக்கரத்துக்கு உள்பக்கம் கொடி சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். விவசாயியைக் குறை சொல்லி என்ன பயன்? ஊருக்கு ஒரு நல்ல களம் கட்டிக் கொடுக்க இத்தனை வருடமாக ஆள் இல்லை. ரோடுதான் களமாகிறது.

சக்கரம் ஆடினால் வண்டியை எடுக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஆட்டமில்லாமல் வெறும் சத்தம் மட்டும் என்றால், மெதுவாக ஓட்டி மன்னார்குடி வரை போய்ப் பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பயணத்தை மட்டும் பேரிங் மாற்றிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.