பிஸ்மிக்கு முன்பே தொடங்கும் அறுப்பு

கேள்வி: சுங்கை சிப்புட் அருகே செம்பனைத் தோட்டத்தில் வசிக்கிறோம். மூத்த மகளின் திருமண விருந்துக்கு, வளர்த்த 15 கம்பத்துக் கோழிகளை (நாட்டுக் கோழிகளை) நானே அறுக்கலாம் என்றிருக்கிறேன். பசார் (சந்தை) கோழியை மின்சாரத்தால் மயக்கி அறுப்பதால் அது ஹலால் இல்லை என்கிறார் மைத்துனர். இளைய மகளோ, அறுப்பதே கொடுமை என்று இறைச்சியைத் தொடுவதில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரரே, மைத்துனருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் ஹலால் தரநிலையான எம்.எஸ். 1500, மயக்கி அறுப்பதைப் பரிந்துரைக்கவில்லை, நிபந்தனையோடு அனுமதிக்கிறது. மயக்கம் உயிரைப் பறிக்கக் கூடாது. அறுக்காமல் விட்டால் கோழி தெளிந்து எழ வேண்டும். கத்தி படுமுன் செத்தது ஹராம். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) முத்திரையுள்ள கோழியை ஒதுக்கத் தேவையில்லை.

இனி உங்கள் கத்திக்கு வருவோம். "அறுத்தால் அழகிய முறையில் அறுங்கள்; கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள்; பிராணிக்கு நிம்மதி கொடுங்கள்" என்ற கருத்தில் நபிமொழி 'ஸஹீஹ் முஸ்லிம்' என்னும் தொகுப்பில் இருக்கிறது. முதல் நாளே தீட்டிவிடுங்கள், கோழியின் கண்ணெதிரே வேண்டாம். கத்தியைத் தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தால் பிசிறில்லாமல் கிழிய வேண்டும். தாள் கசங்கினால் மறுபடி தீட்டுங்கள்.

இருட்டில் கோழி அடங்கியிருக்கும், துரத்தாமல் பிடிக்கலாம். அதனால் இரவிலேயே பிடித்து, காற்றோட்டமான கூடையில் வையுங்கள். காலையில் ஒவ்வொன்றாக, மற்றவை பார்க்காதபடி, கூடைக்கு அப்பால் கொண்டுபோய், இறக்கைகளை அணைத்துப் பிடித்து, பிஸ்மி ('அல்லாஹ்வின் பெயரால்') சொல்லி, குரல்வளைக்குச் சற்றுக் கீழே கத்தியை எடுக்காமல் ஒரே ஓட்டமாக அறுங்கள். ஷாஃபி மத்ஹபில் (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று) மூச்சுக்குழலும் உணவுக்குழலும் அறுபடுவது கட்டாயம். இரு பக்க ரத்தக்குழாய்களும் அறுபட்டால்தான் உயிர் சீக்கிரம் அடங்கும். தலையைத் துண்டிக்காதீர்கள்.

விருந்து வீடுகளில் என் மனத்தை உறுத்தும் தவறு இதற்குப் பிறகுதான் நடக்கிறது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, ஆட்கள் அவசரப்படுத்துகிறார்கள். இன்னும் துடிக்கும் கோழியை அண்டாவில் போட்டுவிடுகிறார்கள். இது பாவம். அசைவு முழுவதும் நின்ற பிறகே வெந்நீர். 15 கோழிக்கு அரை நாள் ஆனால் ஆகட்டும்.

இளைய மகளை வற்புறுத்தாதீர்கள். இறைச்சி உண்ணாதவர் மீது மார்க்கத்தில் குற்றமில்லை. அவள் இரக்கம் அந்த நபிமொழிக்கு நெருக்கமானது. அவள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. பண்ணைக் கோழி ஏறக்குறைய 40 நாளில் 2 கிலோவை எட்டுகிறது. உடல் கனத்தைக் கால் தாங்காமல் படுத்துக் கிடப்பவையும் உண்டு. அறுப்பு சில நொடி, வளர்ப்பு முழு வாழ்நாள். குர்ஆன் ஹலாலோடு 'தய்யிப்', அதாவது தூயது, நல்லது, என்பதையும் சேர்த்தே சொல்கிறது. தினமும் கோழி என்ற பழக்கத்தை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்து, கிடைக்கும்போது கம்பத்துக் கோழி வாங்குவதே சரி என்பது என் கருத்து.

விருந்துக்கும் விருந்தாளிகளின் தலைகளை எண்ணிப் பாருங்கள். 12 கோழி போதுமானால் மூன்று பிழைக்கட்டும். அறுக்கும் நாள் காலையில் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும். இளைய மகள் விரும்பினால், அந்த வேலையை அவளிடமே விடுங்கள்.