மால்டோவா கட்டுரைக்கு: உள்நாட்டுச் சிக்கலை எங்கிருந்து தொடங்கலாம்?

வணக்கம் நண்பரே. ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே இருக்கும் சிறிய நாடான மால்டோவா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரத் தடை என்றால் ரஷ்ய அழுத்தம் மட்டும்தான் கிடைக்கிறது, உள்நாட்டுக் காரணம் எழுத முடியவில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

2024 அக்டோபர் 20 பொதுவாக்கெடுப்பிலிருந்து தொடங்குங்கள். ஒன்றியத்தில் சேரும் இலக்கை அரசியலமைப்பில் எழுதலாமா என்பது கேள்வி. 'ஆம்' பெற்றது 50 சதவீதத்துக்குக் கொஞ்சம்தான் மேல். உள்நாட்டு வாக்குகளை மட்டும் எண்ணினால் 'இல்லை'தான் முன்னிலை. வெளிநாட்டில் வாழ்பவர்களின் வாக்குதான் முடிவை மாற்றியது. வேலைக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் ஒரு பக்கம், ஊரிலேயே விலைவாசியோடு போராடுபவர்கள் இன்னொரு பக்கம். என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையின் மையமே இந்தப் பிளவுதான். தெற்கே ககௌசியா தன்னாட்சிப் பகுதியில் சுமார் 95 சதவீதம் பேர் 'இல்லை' என்றார்கள். அவர்களை வெறும் ரஷ்ய ஆதரவாளர்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அவர்களுடைய அச்சத்தையும் எழுதுங்கள்.

அப்புறம் நீதித்துறை. 2014இல் மூன்று வங்கிகளிலிருந்து சுமார் 100 கோடி டாலர் மாயமானது. இப்படிப்பட்ட மோசடிகளை விசாரிக்க வேண்டிய நீதிபதிகளின் நேர்மையைச் சோதிக்கும் திட்டம் வந்தபோது, 2023இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் பெரும்பாலோர் பதவி விலகினார்கள். நீதிமன்றச் சீர்திருத்தம் இல்லாமல் உறுப்பினர் பேச்சுவார்த்தை நகராது.

நாட்டின் கிழக்கே ரஷ்ய ஆதரவோடு தனியாக இயங்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா பகுதி பிரிந்த கதை உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அதில் மின்சாரத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாட்டின் பெரும்பகுதி மின்சாரம் பல ஆண்டுகள் அங்குள்ள குச்சுர்கான் நிலையத்திலிருந்துதான் வந்தது.