கொடைக்கானலில் லோன் போட்டு வீடு வாங்கி, டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் இ.எம்.ஐ. தானாக அடைந்துவிடுமா?

அடையாது. எனக்கு அடையவில்லை.

மே மாதம் குடும்பத்தோடு போயிருக்கிறீர்கள், எங்கே கேட்டாலும் ரூம் ஃபுல், நாளைக்கு 5,000 ரூபாய். அதை முப்பதால் பெருக்கி, மாதம் ஒன்றரை லட்சம் என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். 2021 தொடக்கத்தில் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதே பெருக்கலை நானும் போட்டேன். இத்தனைக்கும் திண்டுக்கல்லில் ஒரு மில்லில் கணக்கு எழுதுவதுதான் என் வேலை.

இரண்டு பெட்ரூம் வீடு, 45 லட்சம். 30 லட்சம் வீட்டுக் கடன், 7 சதவீத வட்டி, 15 வருஷம், மாதம் 27,000. மீதி 15 லட்சம் கையிலிருந்து. பத்திரச் செலவைக் கடனில் சேர்க்க மாட்டோம் என்று பாங்கில் சொல்லிவிட்டார்கள். அப்போது முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தேன், கிட்டத்தட்ட ஐந்து லட்சம். (2023-இல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமாகிவிட்டது, ஆனால் கூடவே வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்கு அரசாங்கம் வைக்கும் குறைந்தபட்ச விலையை, ஏற்றிவிட்டார்கள்.) கட்டில், மெத்தை, கீசர், டிவிக்கு மனைவியின் நகையை அடகு வைத்தேன். அதைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் பேச்சு வரும்.

வீட்டுக் கடன் வாங்கி வியாபாரம் செய்யலாமா என்று யாராவது கீழே கேட்பார்கள். ரிட்டயர் ஆனதும் அங்கே போய் இருக்கத்தான் வாங்கினேன், அதுவரை சும்மா பூட்டி வைப்பானேன் என்றுதான் விட்டேன். ஆனால் இதை நீங்களும் பாங்கில் வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தொழிலுக்கு என்று சொன்னால் வட்டி வேறு. இன்னொன்று, ஹோம்ஸ்டே என்று நாம் போர்டு மாட்டுவதில் பாதிக்கு மேல் ஹோம்ஸ்டேயே இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட் திட்டத்தில் பதிய வேண்டுமானால் உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். நான் இருந்தது திண்டுக்கல்லில், வீடு இருந்தது மூன்று மணி நேரத் தூரத்தில்.

2022 மே மாதம் அமர்க்களமாகப் போனது. அதே மே மாதத்தில்தான் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது பாங்குகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, ஏற்ற ஆரம்பித்தது. 4 சதவீதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ஆறு தடவையில் 6.5. என் கடன் ரெப்போவோடு கட்டியது, 7 போய் 9.5 ஆனது. இ.எம்.ஐ. கூடவில்லையே என்று நிம்மதியாக இருந்தேன். ஒரு நாள் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் தவணையின் எண்ணிக்கையை நீட்டியிருக்கிறார்கள். 15 வருஷக் கடன், இருபது மாதம் கட்டியாகிவிட்டது, பாக்கி 18 வருஷத்துக்கு மேல்! கணக்கு எழுதுகிறவனே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். 2025-இல் ரெப்போ கொஞ்சம் இறங்கியது, அது வேறு.

இப்போது வரவு. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆள் தங்கிய ராத்திரி 104. அதில் 51 ஏப்ரல், மே இரண்டு மாதத்தில். மற்றதெல்லாம் பூஜை லீவு, தீபாவளி, கிறிஸ்துமஸ், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சனி ஞாயிறு. மொத்த வசூல் 3,95,000. புக்கிங் ஆப் கமிஷன் 60,000, கேர்டேக்கர் சம்பளம் 1,20,000, கரண்ட், கேஸ், சலவை, லாரித் தண்ணீர் 70,000, ரிப்பேர் 25,000. நின்றது 1,20,000. கட்டிய இ.எம்.ஐ. 3,24,000.

நவம்பரில் ஒரு தடவை போனேன். மூன்று வாரம் யாரும் வராத வீடு. கதவைத் திறந்ததும் ஈரச் சாக்கு வாடை. மெத்தையைத் தூக்கினால் அடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பூஞ்சை, தலையணை உறையில் கருப்புப் புள்ளி. பதினாறாயிரம் ரூபாய் மெத்தை, ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேர்டேக்கர், "தெனம் ஜன்னலைத் தொறந்து வச்சாலும் மூடுபனிதான் சார் உள்ள வருது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீசனில் டேங்க் காலியாகி ராத்திரி பதினொரு மணிக்கு லாரிக்கு அலைந்தவர் அவர்தான்.

சொந்தக்காரர்களையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் வாங்கினால் உங்களுக்கும் வருவார்கள், அதுவும் மே மாதம் மட்டும். மனைவியின் சித்தப்பா மகன், "அத்தான், நம்ம வீடுதானே" என்று ஒன்பது பேரோடு வந்து நான்கு நாள் இருந்தார். மலர்க் கண்காட்சி வாரம் அது. வந்த புக்கிங்கைத் தள்ளிவிட்டேன், நான்கு நாளுக்கு 20,000 போச்சு. பரவாயில்லை, உறவு. அடுத்த வருஷம் என் மகள் கல்யாணத்துக்கு வந்து அவர் எழுதிய மொய் 501 ரூபாய். அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் செய்தது ஒரு பவுன். நோட்டில் இருக்கிறது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வந்தது, வண்டியில் மலைக்கு வர முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கும் அனுமதி. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது, ஆனாலும் பயந்து கேன்சல் செய்தவர்கள் அதிகம். 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு எண்ணிக்கைக்கே கட்டுப்பாடு, வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. மலைக்கு நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். உங்கள் பெருக்கலில் இதையும் சேர்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2024 ஜூனில் அங்கே வேலை பார்க்கும் ஓர் ஆசிரியர் குடும்பத்துக்கு மாத வாடகை 14,000-க்கு விட்டேன். வருஷத்துக்கு 1,68,000. கேர்டேக்கர் இல்லை, கமிஷன் இல்லை, தினமும் ஆள் புழங்குவதால் பூஞ்சையும் இல்லை. நாள் வாடகையில் நின்றதைவிட 48,000 கூட. இ.எம்.ஐ.யில் பாதி இன்னும் என் சம்பளத்தில்தான் போகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. அங்கேயே குடியிருந்து, தன் கையால் சமைத்துப் போட்டு, கடன் இல்லாமல் நடத்தி நன்றாகச் சம்பாதிக்கிறவர்களை எனக்கே தெரியும்.

அப்படியும் வாங்குவது என்றால் நவம்பரில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கட்டட அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். 2019-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவின் பேரில் அனுமதியில்லாத கட்டடங்களுக்குச் சீல் வைத்த ஊர் அது. வரைபடத்தில் இல்லாத மாடி இருந்தால், தரகர் என்ன சமாதானம் சொன்னாலும் பஸ் ஏறிவிடுங்கள்.