பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லை: அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி பலன் தருமா?

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை, ஆனால் பழைய பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார், நடிக்கிறாரோ என்று உறவினர்கள் சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நடிப்பு இல்லவே இல்லை. மருத்துவர் சொன்ன அஃபேசியாவின், அதாவது மூளை பாதிப்பால் வரும் மொழிக் குறைபாட்டின், இயல்பே அதுதான்.

பெரும்பாலானோருக்கு மொழியைக் கவனித்துக்கொள்வது மூளையின் இடப்பக்கம். அங்கே அடிபட்டால் நினைத்ததற்குச் சொல் கிடைப்பதில்லை. அறிவு மழுங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. 1861-இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா ஆராய்ந்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓரசையைத் தவிர அநேகமாக எதுவும் வராது. பிறர் சொல்வது பெரும்பாலும் புரிந்தது. மனப்பாடமான பாட்டு, கிழமைகள், ஏன், வசவுகூட, சொல்லைத் தேடாமலே வருவதால் பலருக்குத் தப்பிவிடுகிறது. வாக்கியத்தை ராகமாக இழுத்து, இடக்கையால் தாளம் தட்டிச் சொல்லவைக்கும் பயிற்சி 1970-களில் உருவானது இதை வைத்துத்தான்.

பேச்சுப் பயிற்சி பலருக்கும் உதவும். டம்ளர் படத்தைக் காட்டுவார்கள். பெயர் வராவிட்டால் "தண்ணி எதுல குடிப்பீங்க?" என்பார்கள், அப்புறம் "ட..." என்று எடுத்துக்கொடுப்பார்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆண்டுகள் கழித்தும் முன்னேறுபவர்கள் உண்டு. 'இனி அவ்வளவுதான்' என்று யார் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்துப் பேசுங்கள். "என்ன சாப்பிடுறீங்கப்பா?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" என்பது எளிது. பதிலுக்குக் காத்திருங்கள், முந்திக்கொண்டு சொல்லி முடிக்காதீர்கள். 'ஆமாம்', 'இல்லை' இரண்டும் மாறி வரலாம். இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்யுங்கள்.