சீரா, பங்கா?

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் எங்களுக்கு ஒரு காணி நிலம். ஆறு வருஷத்துக்கு முன் அப்பா காரியம் முடிந்த அன்று, "நீயே பாத்துக்கோடா" என்று தம்பியிடம் சொன்னேன். பயிர் வைத்துக் கவனித்துக்கொள் என்றுதான் சொன்னேன். இப்போது வீடு கட்டக் கடைக்கால் தோண்டிவிட்டு, "நீதானே குடுத்த" என்கிறான். பொங்கலுக்கு இரண்டு மூட்டை நெல் சீர் கொண்டுவந்து போடுவான். ஏரி நிரம்பாத வருஷம் மட்டும் ஒரு மூட்டை. மற்றபடி நல்லவன். நான் என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்பது எனக்குத்தானே தெரியும்?
- வாசகி, காட்பாடி

பதில்: உங்களுக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் தொல்லையே. ஊருக்குப் போகும்போது எதிர்வீட்டில் சாவியைக் கொடுத்து "பாத்துக்கோங்க" என்றால் காவல். பெண்ணைக் கட்டிக்கொடுத்து மாப்பிள்ளையிடம் "பாத்துக்கோங்க" என்றால் ஒப்படைப்பு. சொல் ஒன்றுதான். எந்த அர்த்தம் என்பது, அப்புறம் இரண்டு பேரும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதில்தான் முடிவாகும். ஆறு வருஷம் நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள்?

போகிற போக்கில் ஒரு மூட்டை என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏரி நிரம்பாவிட்டால் சீர் குறையுமா? மஞ்சள் கொத்து, கரும்பு, வெல்லம், புடவை, இதுதான் சீர். கூடப்பிறந்தவன் கடன் வாங்கியாவது தட்டை நிறைத்துக்கொண்டு வருவான். விளைச்சலைப் பார்த்து ஏறி இறங்குவதற்குப் பெயர் பங்கு. அந்த வருஷம் வரைக்கும் உங்கள் தம்பிக்கு அது பங்குதான். சீர் ஆக்கியது யார்? மூட்டை இறங்கும்போதெல்லாம் "தம்பி சீர் கொண்டாந்திருக்கான்" என்று தெருவுக்குச் சொல்லியிருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள், எனக்கு எழுதும்போதும் அதே சொல்தான் வந்திருக்கிறது. தெரு நம்பியது. பிறகு அவனும் நம்பிவிட்டான், அவனுக்கு அது வசதியும்கூட.

பத்து ரூபாய் நாணயம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. அதற்கப்புறமும் வேலூரில் ஒரு டீக்கடையில் நீட்டினேன். "செல்லாதும்மா, எங்கிட்ட யாரு வாங்குவாங்க?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அடுத்தவன் வாங்கமாட்டான் என்று ஆளாளுக்கு நினைத்ததில் காசு நிஜமாகவே செல்லாமல் போனது. உங்கள் பங்கும் அப்படித்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகளுக்கும் சம பங்கு. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதியாமல், "பாத்துக்கோ" என்ற ஒரு வார்த்தையில் நிலம் கைமாறிவிடாது. சட்டத்தில் செல்லும், உங்கள் தெருவில் செல்லவில்லை.

அக்காள் விட்டுக்கொடுத்தால்தான் பிறந்தவீட்டு வாசல் திறந்திருக்கும் என்ற பேச்சு எனக்குப் பிடிக்காது. கூடப்பிறந்தவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது அதைவிடப் பிடிக்காது. ஆறு வருஷம் கணக்குக் கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். அது சோம்பல்.

கடைக்காலில் கல் இறங்குவதற்கு முன் நிலத்துக்கே போங்கள். சித்தப்பாவோ பெரியப்பாவோ பக்கத்தில் இருக்கட்டும். "அந்த வருஷம் ஏன்டா ஒரு மூட்டை?" என்று மட்டும் கேளுங்கள். "ஏரி ரொம்பலக்கா" என்பான். பெரியவர்கள் காதில் விழும்படி அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்கள்.